ஒன்பதாம் மாடிக்குப் போன மேளம்

சரஸ்வதி பூசை வியாழக்கிழமையில் வந்த அந்த ஒக்டோபர் மாதம், தென்லண்டனில் ரயில் பாதையோரமாக, பாதிரியார் போய், பாட்டுப் போய், கடைசியில் மணியும் போய் வெறும் மண்டபமாக நின்ற ஒரு பழைய தேவாலயத்தின் பின்னறையில், நிரோஜினி என்கிற இருபத்தெட்டு வயதுப் பெண் ஒன்பது மேளங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அடுத்த நாள் காலையிலிருந்து அந்த மேளங்களில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

அவள் யோசித்துச் செய்த காரியம் இல்லை அது. அந்த மண்டபத்தில் வருசா வருசம் நடக்கிற கறுப்பர் கலைவிழாவுக்கு சுருக்கம் போக உடுப்பு மினுக்கவும், பொத்தான் தைக்கவும், உதிர்ந்த இறகுகளைப் பசை போட்டு ஒட்டவும், சாமான் அறையை ஒழுங்காக வைத்திருக்கவும் அவளை வேலைக்கு எடுத்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. மேடையில் ஏறுகிறவர்களைவிட மேடைக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் ஒரு விழா முழுசாகத் தெரியும், முதுகுப் பக்கமாக. பூசை நாள் என்றபடியால் வீட்டிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் சந்தனம் கொண்டுபோய், தான் பிழைக்கிற சாமான்களான மினுக்குப்பெட்டி, தையல் மெசின், கத்தரிக்கோல் மூன்றுக்கும் பொட்டு வைத்தாள். பார்த்தால் கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. சுவரோரமாக மேளங்கள் வரிசையாக இருந்தன. மிச்சச் சந்தனத்தை வீணாக்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஒத்திகை. மேளக் குழுவின் தலைவர் அயன்வாலே, எல்லாருக்கும் வாலே, நைஜீரியாவிலிருந்து வந்த நெடுத்த மனிதர், பெரிய தாய்மேளத்தைத் தோளில் கொழுவி வளைந்த கோலால் ஒரு தட்டுத் தட்டினார். தோல் துடித்தது, கயிறு துடித்தது, சந்தனப் பொட்டுக்கூடக் கொஞ்சம் உதிர்ந்தது. சத்தம் மட்டும் அங்கே வரவில்லை. அது வீதிக்கு அந்தப் பக்கம், ஹேசல் கோர்ட் என்கிற பதினொரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில், சிவமலர் அக்காவின் சாமி அலுமாரிக்குள்ளே, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் வந்தது.

மற்ற எட்டுச் சத்தங்களும் அதே கட்டடத்தில்தான் இடம் பிடித்திருந்தன. ஒன்று இரண்டாம் மாடியில் ரஹீமாவின் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள். ஒன்று நாலாம் மாடியில் ஒரு போலந்துக்காரரின் குளிர்காலச் சப்பாத்துக்குள், அதுவும் இடது சப்பாத்துக்குள் மட்டும். ஒன்று ஒரு சோமாலியத் தாயின் தொட்டிலடியில், ஒன்று யாரோ வாங்கிப்போட்டு ஒருநாளும் ஓடாத உடற்பயிற்சிச் சைக்கிளில், மற்றவையும் இப்படியே, எல்லாம் வீட்டுக்கு உள்ளே. படிக்கட்டிலோ வாசலிலோ ஒன்றும் இல்லை. மண்டபத்தில் பத்து மணிக்கு அடித்தால் பத்து மணிக்குக் கேட்டது. ஒரு மணிக்கு நிறுத்தினால் நின்றது.

கட்டடம் இரண்டு நாள் தடுமாறியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. தொட்டிலடிச் சத்தத்துக்குப் பிள்ளை முதன்முறையாகப் பத்து மணிக்கே நித்திரையாகிறது என்று சோமாலியத் தாய் ஒத்திகை நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டினாள். ரஹீமா மெசின் போடாமலே உடுப்பை உள்ளே வைத்துப் பார்த்தாள், ஊத்தை போகவில்லை, ஆனால் சுருக்கம் போனது என்றாள். போலந்துக்காரர் வலது சப்பாத்தைத் தூக்கித் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கு ஏன் இல்லை என்று கவலைப்பட்டார். லிப்டுக்குள் ஒரு கடதாசி தொங்கியது: சத்தம் வருகிற வீட்டுக்காரர் கீழே பெயர் எழுதவும். எட்டுப் பேர் எழுதினார்கள். ஒன்பதாம் மாடிக்காரர் எழுதவில்லை.

எழுதாததற்குக் காரணம் இருந்தது. சிவமலர் அக்காவின் ஊரில் மேளம் இரண்டு வகை. கோயில் மேளம் ஒன்று. மற்றது செத்த வீட்டு மேளம். அதை அடிக்கிறவர்கள் படலைக்கு வெளியே வேலியோரமாக நின்று அடித்துவிட்டு, வெளியே வைத்துக் கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது வீட்டுக்குள்ளே, அதுவும் சாமி அலுமாரிக்குள்ளே கேட்டால் என்ன அர்த்தம்? வெள்ளிக்கிழமையே அவ கனடா, பிரான்ஸ், நோர்வே என்று சொந்தக்காரருக்கெல்லாம் போன் எடுத்து, ஆருக்காவது வருத்தமோ என்று விசாரித்தா. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நீரிழிவு இருந்த பெரியப்பாகூட நீந்தப் போயிருந்தார். இது அவவின் சந்தேகத்தைக் கூட்டியது.

நிரோஜினியின் மூன்று வயது மகள் ஆதிரையைப் பகலில் வைத்துப் பார்க்கிறது சிவமலர் அக்காதான். ஐந்தாம் மாடியில் நிரோஜினி, ஒன்பதாம் மாடியில் அக்கா. அந்த ஒரு உதவி இல்லையென்றால் மண்டபத்து வேலையும் இல்லை. புருசன் காலையில் வான் எடுத்துக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவான். திங்கட்கிழமை பின்னேரம் மகளைக் கூட்டிப்போக வந்தவளை அக்கா கதவடியில் நிறுத்தினா.

"பிள்ளை, நீ வேலை செய்யிற இடத்திலதானே அந்த ஆக்கள் மேளம் வச்சிருக்கினம்?"

அந்த ஆக்கள் என்பதற்கு அக்கா சொன்ன சொல் வேறு, கறுப்பரை இழிக்கிற சொல். ஆதிரை பழகிவிடக் கூடாதென்று நிரோஜினி அதைக் கேட்காத மாதிரி நின்றாள்.

"ஓம் அக்கா."

"அங்க சத்தம் இல்லையாம். இங்க வருதாம். நீதானே ரெண்டு பக்கமும் போய்வாறனீ."

"நான் என்ன அக்கா, பையில போட்டுக்கொண்டு வந்தனானே?" என்று நிரோஜினி சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

அக்கா சிரிக்கவில்லை. "நீ ஊரில எவடம் எண்டு சொன்னனீ?"

"சாவகச்சேரி."

"சாவகச்சேரியில எவடம்?"

"டவுனுக்குக் கிட்ட."

"டவுனுக்குக் கிட்ட எண்டா, கோயிலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ?"

"அக்கா, இஞ்ச பாருங்கோ இவள் சப்பாத்தைப் பிழையாப் போட்டிருக்கிறாள்," என்று நிரோஜினி குனிந்தாள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் குனிய ஏதாவது ஒன்றை வைத்திருப்பது அவள் லண்டனில் படித்த வித்தை. கோயிலுக்கு அந்தப் பக்கம், குளத்துக்கும் அந்தப் பக்கம், பனங்காணிக்குள் இருந்த பதினாலு வீட்டில் ஒன்றில் பிறந்தவள் அவள். அப்பா அன்னராசா அடிக்கிற மேளம் மூன்று ஊருக்குக் கேட்கும். பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தொழில் சாமான்களைக் கொண்டுவரலாம் என்று ஆசிரியர் சொன்ன வருசம், ஏழு வயது நிரோஜினி அப்பாவின் மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அதை வெளியே மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். அவள் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுண்டல் சாப்பிட்டாள். சுண்டல் நல்லாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்றுவரை வெட்கம்.

மண்டபத்திலும் நிலைமை நல்லதாக இல்லை. மேடை நிர்வாகி பெவர்லி, ஜமைக்காக்காரத் தாய்தகப்பனுக்கு லண்டனிலே பிறந்த ஐம்பத்தாறு வயதுப் பெண், கழுத்தில் ஒரு விசிலும் முகத்தில் ஒரு கணக்குமாகத் திரிகிறவ, சத்தம் போனதைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. விழாவென்றால் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும், ஒரு வருசம் மின்சாரம் போனது, ஒரு வருசம் நாட்டியக் குழுவே போனது. யார் கொண்டுபோனது என்பதுதான் அவவுக்கு வேண்டும். விழாவின் முதல் நிகழ்ச்சி மேளம். மேளம் இல்லையென்றால் ஊர்வலம் இல்லை, ஊர்வலம் இல்லையென்றால் விழாவைத் தொடங்க வழியில்லை. விழா சனிக்கிழமை, அதற்கு நாலு நாள்தான் இருந்தது.

"சாமான் அறைச் சாவி ஆரிட்ட?" என்றா செவ்வாய்க்கிழமை, எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து.

"என்னட்ட," என்றாள் நிரோஜினி.

"சத்தம் எல்லாம் போய் இருக்கிறது ஆர்ர கட்டடத்தில?"

"என்ர."

இருபது பேர் அவளைப் பார்த்தார்கள். நேற்றுவரை அவளுக்குப் பொரித்த வாழைப்பழம் கொடுத்து, அவள் கொண்டுவந்த ரோல்ஸுக்கு அடிபட்டவர்கள். யாரோ பின்னால் மெதுவாக, இவள் இங்கே ஏன் வேலைக்கு வந்தாள், எங்களில் ஒருத்தி இல்லையே என்றது கேட்டது. அன்று பின்னேரம் அவள் வெளியே போகும்போது, அவளின் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பால் போத்தல், ஈரத் துடைப்பான், பாதி பிஸ்கற், ஆதிரையின் ஒரு காலுறை. பெவர்லி காலுறையை வெளிச்சத்தில் பிடித்து உதறியும் பார்த்தா. பிறகு வெட்கப்பட்டு அதை மடித்துத் திருப்பி வைத்தா, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

வாலே ஒருவர்தான் பையைப் பார்க்கவில்லை. மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சிவப்புப் பொட்டு ஆர் வச்சது?"

நிரோஜினி சொல்லிவிட்டாள். பூசை, சந்தனம், மிச்சம், எல்லாம். தொழில் சாமானுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து மரியாதை செய்வது என்றாள். அடுத்த நாள் தீபம் காட்டித்தான் திரும்ப எடுப்போம், அதை நான் மறந்துபோனேன் என்றாள். அப்படியென்றால் இப்போது காட்டு என்றார் வாலே. புதன்கிழமை அவள் கற்பூரம் கொழுத்தினாள், புகை அறிகிற மணி அடித்தது, தீயணைப்பு வண்டி வந்து போனது. மேளம் பேசவில்லை. பெவர்லி தன் பங்குக்கு வாசலில் தண்ணீர் வார்த்து, தங்கள் முன்னோரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டுப் பார்த்தா. முன்னோரும் சும்மா இருந்தார்கள்.

"கோபிக்கேல்லை அது," என்றார் வாலே கடைசியில், தோலில் காதை வைத்தபடி. "மரியாதை செய்தாய். தன்னை விருந்தாளி எண்டு நினைச்சிட்டுது. விருந்தாளி வீட்டுக்குத்தானே போகும். உன்ர ஊரில மேளம் வீட்டுக்குள்ள போறதில்லையோ?"

"இல்லை," என்றாள் நிரோஜினி.

"ஏன்?"

அவள் குனிய ஒன்றைத் தேடினாள். கீழே ஒன்றும் கிடக்கவில்லை.

"என்ர பெயர் அயன் எண்டு தொடங்குது," என்றார் வாலே, அவள் சங்கடத்தைக் கண்டும் காணாமல். "எங்கட நாட்டில ஒருத்தன் தன்ர பெயரை அப்படிச் சொன்னா, அவன் ஆர், அவன்ர அப்பா ஆர், அப்பான்ர அப்பா ஆர் எண்டு எல்லாருக்கும் தெரியும். மேளக்காரர். சந்தையில நிண்டு சத்தமாச் சொல்லுவம். உங்கட பெயரில அப்படி இருக்கோ?"

"எங்கட பெயரில இல்லை," என்றாள். "அதால கேட்டுக் கண்டுபிடிப்பினம்."

சத்தம் வராவிட்டால் சத்தம் இருக்கிற இடத்துக்கு நாங்கள் போவோம் என்று வியாழக்கிழமை பெவர்லி முடிவெடுத்தா. மேளக்காரர் ஹேசல் கோர்ட் முன்னாலுள்ள புல்தரையில் நின்று அடிப்பார்கள், சத்தம் ஒன்பது வீட்டிலிருந்தும் வரும், ஊர்வலம் அங்கிருந்தே தொடங்கும். வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். அதை யார் போய்க் கேட்பது? எல்லாரும் நிரோஜினியைப் பார்த்தார்கள். இந்த முறை பார்வை வேறு, ஆனால் சந்தேகம் முழுக்கப் போகவில்லை. "ஒன்பதும் திறக்கவேணும்," என்றா பெவர்லி. "திறந்தா வாற சித்திரை வரைக்கும் இந்த வேலையில நீ எங்களோட."

எட்டுக் கதவும் லேசாகத் திறந்தன. ரஹீமா மெசினையே ஜன்னலடிக்கு இழுத்துவைப்பதாகச் சொன்னாள். போலந்துக்காரர் இரண்டு சப்பாத்தையும் வெளியே வைக்கலாமா, வலதுக்கு மனம் நோகும் என்றார். சைக்கிள்காரர் அன்றைக்கு ஏறி மிதிப்பதாகவும் வாக்குக் கொடுத்தார், நிரோஜினி அது தேவையில்லை என்று கெஞ்சினாள்.

ஒன்பதாம் மாடியில் அவள் மணியை அடிக்குமுன் கதவு திறந்தது. உள்ளே ஆதிரை தரையில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். மண்டபத்தில் ஒத்திகை நடந்தது, சாமி அலுமாரி டும் என்று சொல்ல ஒரு வாய், டும் டும் என்று சொல்ல இன்னொரு வாய். வீட்டில் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

"ஜன்னல் திறக்கிறதோ?" என்றா சிவமலர் அக்கா. "திறந்தா இந்தக் கறுமம் என்ர வீட்டுக்குள்ள இருந்துதான் வருது எண்டு ஊர் உலகம் அறியாதோ? என்ர மகளுக்குச் சம்பந்தம் பேசுறம் பிள்ளை."

"மேளந்தானே அக்கா. நல்லாத்தானே அடிக்குது. கேளுங்கோ, ரெண்டாவது தட்டைக் கொஞ்சம் பிந்தி விடுகினம், அதிலதான் நடை இருக்கு. இடது கை தோலை அமத்தினாத்தான் அப்பிடி வரும்."

அக்கா அவளை உற்றுப் பார்த்தா. "உனக்கெப்பிடித் தெரியும் இடது கையைப் பற்றி?"

வாய் தவறி வந்துவிட்டது. எட்டு வருசம் குனிந்து தப்பியது ஒரு தட்டில் போய்விட்டது. இப்போதும் தப்பலாம், ஆதிரையின் வாயைத் துடைக்கலாம், போன் வருகிறது என்று சொல்லலாம். துடைத்தால் நாளைக்கும் இந்த வீட்டில் பிள்ளையை விடலாம், வேலைக்குப் போகலாம், எல்லாம் முந்தி மாதிரி. அலுமாரி டும் என்றது.

"நீ ஆற்றை மகள்?" என்றா அக்கா, சத்தத்தைக் குறைத்து.

"அன்னராசான்ர மகள்," என்றாள் நிரோஜினி. "குளத்துக்கு அங்கால. பனங்காணி. உங்கட ஊர்ச் செத்த வீடுகளுக்கும் அப்பாதான் வந்திருப்பார். நல்லா அடிப்பார் அக்கா. படலைக்கு வெளியில நிண்டு."

அக்கா குனிந்து ஆதிரையின் கோப்பையை எடுத்தா, பாதிச் சோறு இருந்தது, எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனா. நிரோஜினி மகளின் வாயைத் துடைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வெள்ளிக்கிழமை புருசன் வான் எடுக்காமல் பிள்ளையோடு நின்றான்.

சனிக்கிழமை வெயில் எறித்தது, அந்த மாதத்தில் அது ஒரு அதிசயம், அதைப் பற்றித்தான் எல்லாரும் அதிசயப்பட்டார்கள். அறுநூறு பேர் புல்தரையில். நிரோஜினி மினுக்கி மினுக்கிக் கை வீங்கிய மஞ்சளும் நீலமும் சிவப்புமான உடுப்புகள் காற்றில் அசைய, வாலே கோலை உயர்த்தினார். கட்டடம் பேசியது. இரண்டாம் மாடி கேட்டது, நாலாம் மாடி பதில் சொன்னது, ஏழாம் மாடி இரண்டையும் பகிடி பண்ணியது, தொட்டிலடி மெல்ல எல்லாரையும் சமாதானப்படுத்தியது. ஒன்பதாம் மாடியின் ஜன்னல் பூட்டியிருந்தது, திரையும் போட்டிருந்தது.

தாய்மேளம் பேசவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. வாலே நிறுத்தவில்லை, தன் தட்டை முழுசாகத் தட்டி, அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டு, அடுத்ததுக்குப் போனார். முதல் தரம் சனம் விளங்காமல் நின்றது. இரண்டாம் தரம் சிலர் மேலே பார்த்தார்கள். மூன்றாம் தரத்திலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் அறுநூறு தலையும் ஒன்றாக நிமிர்ந்து ஒன்பதாம் மாடியைப் பார்த்து, ஒன்றாகக் குனிந்து ஆடின. அதுவே ஆட்டமாகிவிட்டது. அந்த வீட்டுக்குள்ளே என்ன இருக்கிறது, ஏன் மறைக்கிறார்கள் என்று ஆடியபடியே ஆளையாள் கேட்டார்கள். திரை ஒருக்கால் அசைந்து திரும்ப மூடிக்கொண்டது.

ஊர்வலம் மண்டபத்துக்குள் நுழைந்தபோது எட்டுச் சத்தமும் கூடவே வந்துவிட்டன. விருந்து முடிந்த ஆட்கள் மாதிரி, ஒவ்வொன்றும் தன் மேளத்துக்குள் ஏறிக்கொண்டது. போலந்துக்காரர் வாசல்வரை சப்பாத்தைத் தூக்கிவந்து வழியனுப்பினார். ஒன்பதாவது வரவில்லை. பெவர்லி எண்ணிப் பார்த்தா, நிரோஜினியிடம் வந்தா, விசிலைக் கொஞ்சநேரம் உருட்டினா. "அண்டைக்குப் பையைப் பார்த்திருக்கக் கூடாது," என்றா. ஒன்பதுக்கு எட்டு என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை நிரோஜினி ஆதிரையைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாடிக்கே போனாள். வேறு போக்கிடம் இல்லை, அதோடு மனிசர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாறலாம் என்றும் அவள் நம்புகிறவள். கதவு முக்கால்வாசி திறந்தது. அக்காவின் முகம் சிரித்தபடிதான் இருந்தது.

"எனக்கு நாரி பிடிச்சிட்டுது பிள்ளை, குனியேலாது. இனிப் பிள்ளை பாக்கேலாது போல கிடக்கு. நில், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

நில் என்றா, உள்ளே வந்து இரு என்று சொல்லவில்லை. தேத்தண்ணி கடதாசிக் கப்பில் வந்தது, பிறந்தநாள் விழாக்களுக்கு வாங்குகிற, குடித்ததும் எறிகிற கப். இவ்வளவு நாளும் அந்த வீட்டில் பீங்கானில் குடித்தவள் நிரோஜினி. அவள் கப்பை வாங்கினாள், பார்த்தாள், சப்பாத்து வைக்கிற தட்டின் மேல் ஆடாமல் வைத்தாள்.

"ஆறட்டும் அக்கா. நீங்களே குடியுங்கோ."

வீதியைக் கடந்து மண்டபத்துக்குப் போய், ஆதிரையை உடுப்புப் பெட்டியின் மேல் இருத்தினாள். இது பிள்ளை வைத்திருக்கிற இடமில்லை என்று சொல்ல வாயெடுத்த பெவர்லி, பிள்ளை இறகுகளை நிறம் நிறமாகப் பிரிக்கிறதைக் கண்டு, பசைப் போத்தலை மட்டும் உயரத்தில் எடுத்து வைத்துவிட்டுப் போனா.

வாலே தாய்மேளத்தை மடியில் வைத்திருந்தார். ஒருக்கால் மெதுவாகத் தட்டினார். இங்கே ஒன்றும் இல்லை. வீதிக்கு அந்தப் பக்கம், மேலே, ஒரு ஜன்னல் அவசரமாகச் சாத்தப்பட்டது.

"நாங்கள் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வருவமோ?" என்றார்.

நிரோஜினி அவரிடமிருந்து கோலை வாங்கினாள். இடது கையால் தோலை அமத்தி, அப்பா விடுகிற மாதிரி இரண்டாவது தட்டைக் கொஞ்சம் பிந்தவிட்டு, நிதானமாக மூன்று தரம் அடித்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள். "இப்பத்தானே உள்ளுக்க போயிருக்கு. ஆறுதலா இருந்திட்டு வரட்டும்."